கல் நட்ட டாலர்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். மல்லாட்டையும் கரும்பும் போட்ட கொல்லைகளில் வெள்ளையடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டி, வாசலில் ஒரு வளைவு கட்டி, ஏதோ ஒரு சாமி பேரோடு ‘நகர்’ என்று சேர்த்து வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு வீடு இருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட தார் ரோட்டைப் பிளந்துகொண்டு முள் முளைத்திருக்கும்.

இதை எல்லோரும் ரியல் எஸ்டேட் என்கிறார்கள். எனக்கு இது அந்நியச் செலாவணிக் கிடங்காகத்தான் தெரிகிறது. அந்தக் கல் ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கப்பூர் டாலர் இருக்கிறது, திர்ஹாம் இருக்கிறது, ரியால் இருக்கிறது. பக்கத்தில் பாண்டிச்சேரி இருப்பதால் யூரோவும் கொஞ்சம் இருக்கும். சமீப வருஷங்களில் என்னைப் போன்ற ஐ.டி. ஆட்களின் அமெரிக்க டாலரும் சேர்ந்திருக்கிறது. சம்பாதித்தவன் அதை ஏன் வங்கியில் வைக்காமல் முள்ளுக்குக் கீழே வைத்தான் என்று கேட்டால், பாதிப் பேர் சொல்லும் பதில் லாபக் கணக்கு இல்லை. ‘பேங்க் எந்நேரமும் கவுந்துடும் சார், மண்ணு எங்க போவப்போவுது?’ என்பதுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. நிதி நிறுவனங்கள் நொடித்தால் எப்படித் தீர்ப்பது என்பது அதன் பொருள். வங்கியைக் காப்பாற்ற டெபாசிட் போட்டவர்களின் பணத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு பிரிவு இருப்பதாகச் செய்தி பரவியதும் ஊரே கலங்கியது. அடுத்த வருஷமே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2019 செப்டம்பரில் மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி, 2020 மார்ச்சில் யெஸ் வங்கி, அதே ஆண்டு நவம்பரில் நம்ம கரூர்க்கார லட்சுமி விலாஸ் வங்கி. 2022இல் இலங்கை. 2023இல் அமெரிக்காவில் சிலிக்கன் வேலி வங்கி. ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் அதே குரல் வரும், ‘உடனே எடுத்துடுங்க’ என்று. எடுத்த பணத்தை எங்கே போடுவது என்பதற்கான போன் நம்பரும் அதே செய்தியின் கடைசியில் இருக்கும்.

இந்த விஷயத்தில் இரண்டு கூட்டம் பேசுகிறது. இரண்டின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

முதல் கூட்டம், இந்தியாவில் வங்கி விழவே விழாது என்கிற கூட்டம். தேசபக்தியையும் நிதியறிவையும் ஒரே குடத்தில் கலக்கியவர்கள். சென்னையில் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது. மதராஸ் ராஜதானியின் பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், விதவைகள் எல்லோரும் வெள்ளைக்காரன் கம்பெனி என்று நம்பிப் பணம் போட்ட இடம் அது. திண்டிவனமும் விழுப்புரமும் அப்போது தென்னாற்காடு மாவட்டம். இங்கிருந்தவர்களின் பணத்தை லண்டனில் சூதாட்ட முதலீடுகளில் விட்டார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்த இடிபாட்டிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடியது. அதன் அதிர்ச்சியில்தான் 1962இல் டெபாசிட் காப்பீடே இந்த நாட்டுக்கு வந்தது. ஆக, விழும். விழுந்திருக்கிறது. ‘விழாது’ என்று சொல்கிறவர் உங்களை அமைதிப்படுத்துகிறார், தகவல் தரவில்லை.

அண்மைக் காலத்தில் பெரிய வங்கிகள் விழவிடப்படவில்லை என்பது வேறு விஷயம். யெஸ் வங்கியில் ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை 13 நாள் இருந்தது. லட்சுமி விலாஸில் 25,000 ரூபாய் வரம்பு நவம்பர் 17 அன்று வந்து, 27ஆம் தேதி அந்த வங்கி டி.பி.எஸ். இந்தியாவோடு இணைந்ததும் போய்விட்டது. (சிங்கப்பூரில் போஸ்ட் பேங்க் கணக்கில் சம்பளம் வாங்கி, ஊரில் லட்சுமி விலாஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே முதலாளி வந்து சேர்ந்தான். போஸ்ட் பேங்க்கும் டி.பி.எஸ்.ஸின் கைதான்.) டெபாசிட் போட்டவர்களுக்கு இரண்டு இடத்திலும் ஒரு பைசா போகவில்லை. லட்சுமி விலாஸின் பங்கு வைத்திருந்தவர்களுக்கு எல்லாமே போனது. யெஸ் வங்கியின் ஒரு வகைக் கடன் பத்திரத்தை வைத்திருந்தவர்களுக்கு 8,000 கோடி ரூபாய்க்கு மேல் போனது. டெபாசிட் என்று நினைத்து அந்தப் பத்திரத்தை வாங்கிய முதியவர்களும் அதில் இருந்தார்கள். இதை யாரும் விழுப்புரத்துத் தெருவில் சொல்வதில்லை. ‘பேங்க் கவுந்துச்சி’ என்ற இரண்டு வார்த்தைச் செய்திக்குள் பங்கு, பத்திரம், டெபாசிட் என்ற வித்தியாசமெல்லாம் கரைந்துபோகிறது.

ஆனால் பி.எம்.சி.யில் போட்டவனின் கதை அப்படி முடியவில்லை. முதல் நாள் வரம்பு 1,000 ரூபாய். 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு சேர்த்தபோது, 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த சாதாரண மனிதர்களுக்கு மீதியைத் தவணையாகத் தருவதாகத் திட்டம் போட்டார்கள். கடைசித் தவணைக்கு 10 வருஷம். எழுபது வயதுக்காரருக்குப் பத்து வருஷத் தவணை என்பதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவது கூட்டம். இதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இது கமிஷன் வாங்குகிறது.

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா ஒருவர் எனக்கு உண்டு. போன் போட்டார். “மாப்ளே, பேங்க்லாம் கவுந்துடும்ன்றாங்களே, டாலரும் 90ஐத் தாண்டிப் போயிடுச்சி. இன்னா பண்றது?”

“யாரு மாமா சொன்னா?”

“மயிலம் ரோட்டாண்ட பிளாட்டு போட்டுருக்கான்ல, அந்தப் பையன்தான். சிப்காட் வருது, நகரி ரயில் வருது, இப்பவே போட்டுடுங்கன்றான்.”

பாருங்கள், எவ்வளவு அழகாக வேலை செய்கிறது. அவருடைய வாக்கியத்திலேயே இரண்டு வேறு பயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வங்கி விழுவது ஒன்று. ரூபாய் விழுவது இன்னொன்று. மனை விற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதே நல்லது, ஏனென்றால் இரண்டுக்கும் அவனிடம் ஒரே மருந்துதான் இருக்கிறது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் அமைப்பு படுத்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்தப் பாகம் படுக்கும் என்று முதலில் கேட்போம். வெளிநாட்டுச் சேமிப்பில் படுக்கக்கூடியவை மூன்று: வங்கி, நாணயம், நாட்டின் சட்டம். மூன்றும் தனித்தனியாகப் படுக்கும்.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்புத்துப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அந்த நாட்டின் செய்தி நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாய் சொச்சம். மே மாதத்தில் 360. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இத்தனைக்கும் பெரிய வங்கிகள் கதவைச் சாத்தவில்லை. பாஸ்புக்கில் எழுதியிருந்த ரூபாய் அப்படியே இருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பால்மா வாங்கப் போனபோதுதான் திருடு போனது தெரிந்தது. அங்கே வங்கி பிழைத்தது, நாணயம் செத்தது.

லெபனானில் நேர் எதிர். 2019 அக்டோபருக்குப் பிறகு, கணக்கில் டாலர் என்றே எழுதியிருந்தது. எடுக்கப் போனால் டாலர் தர மாட்டார்கள், அவர்கள் வைத்த விலையில் உள்ளூர்ப் பணமாகத்தான் தருவார்கள். உலகின் பலமான நாணயத்தில் சேமித்தவன், பலமில்லாத வங்கியில் சேமித்ததால் போனான். வளைகுடாவிலும் ஆப்பிரிக்காவிலும் உழைத்து அனுப்பிய லெபனான்காரர்களின் பணம் அது. நம்ம ஆட்களின் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

அர்ஜென்டினாவில் மூன்றாவது வகை. 2001 டிசம்பரில் பணம் எடுக்க வரம்பு வைத்தார்கள். 2002இல் டாலர் கணக்குகளையெல்லாம் ஒரு டாலருக்கு 1.40 பேசோ என்று கட்டாயமாக மாற்றினார்கள். அதே வருஷம் வெளிச்சந்தையில் டாலர் 3 பேசோவைத் தாண்டியது. அங்கே சட்டமே கையை உள்ளே விட்டது.

ஆக, ‘டாலரில் வைத்தால் பத்திரம்’ என்ற வாக்கியம் மூன்றில் ஒரு ஆபத்துக்கு மட்டுமே பதில் சொல்கிறது. இந்திய வங்கியில் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் போட்டால் ரூபாய் விழுவதிலிருந்து தப்பிப்பீர்கள். அந்த வங்கி நொடித்தால் உங்களுக்குக் காப்பீடு 5 லட்சம் ரூபாய்தான், அதுவும் ரூபாயில்தான். நாட்டின் சட்டம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூரிலேயே விட்டுவைத்தால்? அங்கே காப்பீடு 1 லட்சம் சிங்கப்பூர் டாலர், நம்ம கணக்கில் 60 லட்சத்துக்கு மேல். ஆனால் அது சிங்கப்பூர் டாலர் டெபாசிட்டுக்கு மட்டும். அங்கேயே அமெரிக்க டாலர் கணக்கு திறந்து ‘இன்னும் பத்திரம்’ என்று நினைத்தால் அதற்குக் காப்பீடே கிடையாது. பத்திரத்தைத் தேடிப் போய்க் கூரைக்கு வெளியே நிற்பது இதுதான்.

மனைக்காரனிடம் வருவோம். மண்ணு எங்கேயும் போகாது, சரி. பணமாக மாறுமா? 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. விவசாய நிலம் கண்டபடி கூறு போடப்படுவதை நிறுத்தப் போட்ட தடை. அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2017இல் வரன்முறைத் திட்டம் வரும்வரை மாதக்கணக்கில் இந்த நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்து மனைகளில் பெரும்பாலானவற்றை விற்கவோ வாங்கவோ வழியில்லை. பொண்ணு கல்யாணத்துக்கு என்று மனை வாங்கிப் போட்டவர்கள் அதை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார்கள். யெஸ் வங்கி முடங்கியது 13 நாள். லட்சுமி விலாஸ் 10 நாள். மண் முடங்கியது மாதக்கணக்கில். முன்னது தேசியச் செய்தி, பின்னதற்கு யாரும் ‘முடக்கம்’ என்று பேர்கூட வைக்கவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே, நவம்பர் 8 அன்று, வீட்டில் நோட்டாக வைத்திருந்தவர்களுக்கும் பாடம் வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாதது ஆனது. அந்த நேரத்தில் வங்கியில் எண்ணாக இருந்த பணத்துக்கு வரிசையில் நிற்கும் தொல்லை மட்டும்தான்.

மனையை விட மோசமான ஆட்கள் உண்டு. ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி ஏறக்குறைய 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2022இல் வழக்குப் போட்டது. மாதம் 30 சதவீதம் என்பதைக் கால்குலேட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும், ஒரு வருஷத்தில் பணம் 23 மடங்கைத் தாண்டும். வங்கியை நம்ப முடியாது என்று சொன்ன அதே வாய்தான் இதை நம்பியது. எனக்கு இதில் ஏமாந்தவர்களைக் கேலி செய்ய மனசில்லை. வங்கிக்குப் போனால் படிவம் நிரப்பத் தெரியாமல் ஒரு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். நிதி நிறுவனத்தில் ஏசி ரூமில் உட்கார வைத்துக் காபி தருகிறார்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதைக்குத்தான் அந்தப் பணம் போனது.

தங்கத்தைப் பற்றி மட்டும் நான் அடக்கியே பேசுவேன். 1991இல் நாடே கையிருப்புத் தங்கத்தை அடகு வைத்துத்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. 2024இல் ரிசர்வ் வங்கி லண்டனிலிருந்து சுமார் 100 டன் தங்கத்தைத் திரும்ப எடுத்துவந்தது. அரசாங்கமே செய்வதை என் அத்தை செய்தால் நான் யார் குறை சொல்ல? அத்தை கழுத்தில் கிடப்பது தங்கம். நகைக்கடைச் சீட்டில் கட்டுவது தங்கமில்லை, அது கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் கடன். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

1991 என்று சொன்னதால், அரசாங்கத்தோடு எனக்குள்ள சண்டைக்கு வருகிறேன். ஏனென்றால் பயத்தை விற்கிறவனைத் திட்டிவிட்டு, பயத்துக்குக் காரணமானவரை விட்டுவிட்டால் அது நேர்மையில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்களை விமானத்தில் கூட்டி வந்தார்கள். தினார் நோட்டோடு வந்தவர்கள் அதை மாற்ற அலைந்தார்கள். வந்தவர்களில் பலர் கூலி ஆட்கள். இதே மாதங்களில் வெளிநாடுவாழ் இந்தியர்களில் வசதியானவர்கள் இந்திய வங்கிகளிலிருந்து டாலர் டெபாசிட்டை உருவிக்கொண்டிருந்தார்கள். 1991 ஜூனில் நாட்டின் கையில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது. தங்கம் லண்டனுக்குப் பறந்தது. ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையில் குறைத்தார்கள், 21 ரூபாயாக இருந்த டாலர் 26ஐ நெருங்கியது. அப்போதிருந்த எஃப்.சி.என்.ஆர். திட்டத்தில் செலாவணி நஷ்டத்தை வங்கியோ டெபாசிட்காரரோ ஏற்கவில்லை, ரிசர்வ் வங்கி ஏற்றது. அதாவது நியூஜெர்சி டாக்டரின் டாலருக்குத் திண்டிவனம் மளிகைக்கடைக்காரர் ஜாமீன் நின்றார், அவருக்கே தெரியாமல். 1990களின் நடுவில் அந்தத் திட்டத்தை மூடிவிட்டு, நஷ்டம் வங்கியின் பொறுப்பு என்று புதிய திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல வேலை.

ஆனால் பழக்கம் விடவில்லை. டாலர் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வெளிநாட்டுத் தம்பிமார்களின் ஞாபகம் வரும். 1998இல் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு பத்திரம் போட்டு 420 கோடி டாலர். 2000இல் இன்னொரு திட்டத்தில் 550 கோடி டாலர். 2013இல் ரூபாய் 68ஐத் தாண்டியபோது ரகுராம் ராஜன் புதிதாக வந்திருந்தார். வங்கிகள் திரட்டும் எஃப்.சி.என்.ஆர். டாலரை 3.5 சதவீதச் செலவில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தார். வெளியே ஆகும் செலவைவிட அது வெகு குறைவு. அந்த ஜன்னல் வழியாக 2,600 கோடி டாலர் உள்ளே வந்தது. அதில் பெரும்பகுதி உழைத்துச் சேர்த்த பணமில்லை. கையில் கொஞ்சம் டாலர் வைத்திருந்த பணக்காரருக்கு வங்கியே வெளிநாட்டில் பல மடங்கு கடன் கொடுத்து, அதையே டெபாசிட்டாக வாங்கிக்கொண்டது. வட்டி வித்தியாசம் அவருக்கு லாபம். அந்த நேரத்தில் ரூபாயைத் தாங்கிப் பிடிக்க அது தேவைப்பட்டது, வேலையும் செய்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துவாஸ் கப்பல் தளத்தில் வெல்டிங் அடித்தவருக்கு அந்த ஜன்னல் இருப்பதே தெரியாது. அவருக்கு ஆள் வைத்துச் சொல்ல எந்த வங்கிக்கும் லாபமில்லை.

இந்த வெல்டர்தான் தொகையில் சின்னவர், பயத்தில் பெரியவர். அவருக்கு நாடு தரும் உத்தரவாதம் 5 லட்சம். 1962இல் 1,500 ரூபாயில் தொடங்கியது. 1993இல் 1 லட்சம். அப்புறம் 27 வருஷம் யாரும் தொடவில்லை. பி.எம்.சி. வாசலில் ஆட்கள் அழுத பிறகு 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆக்கினார்கள். டாலரில் போட்டுப் பாருங்கள். 1993இல் டாலர் 31 ரூபாய், 1 லட்சம் என்பது சுமார் 3,200 டாலர். இன்றைக்கு 90 ரூபாய் கணக்கில் 5 லட்சம் என்பது சுமார் 5,500 டாலர். இத்தனை வருஷத்தில், இத்தனை வளர்ச்சியில், ஏற்றம் இவ்வளவுதான். அமெரிக்காவில் 2,50,000 டாலர். ஐரோப்பாவில் 1 லட்சம் யூரோ. அவர்கள் பணக்கார நாடு என்பீர்கள். சரி, ஒரு சிங்கப்பூர்த் தொழிலாளியின் பதினைந்து வருஷச் சேமிப்பு எவ்வளவு இருக்கும்? அதில் கால்வாசியையாவது இந்த 5 லட்சம் மூடுமா?

மாமாவுக்கு என்ன சொன்னேன் என்று எழுதுகிறேன். இது எல்லோருக்கும் பொருந்தாது, அவருக்குப் பொருந்தியது.

முதலில், எந்தப் பணத்தில் செலவு பண்ணப் போறீங்க மாமா என்று கேட்டேன். வீடு விழுப்புரத்தில், கல்யாணச் செலவு ரூபாயில், மருந்து மாத்திரை ரூபாயில். அப்படிப்பட்டவர் முழுசையும் டாலரில் வைத்துக்கொண்டிருப்பது பாதுகாப்பு இல்லை, பந்தயம். பையன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான் என்றால் அந்தச் செலவுக்கான தொகை மட்டும் டாலரில் இருக்கட்டும். ரூபாய் விழுகிறது என்ற புலம்பலையும் கணக்காகப் போட்டுக் காட்டினேன். 20 வருஷத்துக்கு முன்னால் டாலர் 44, இப்போது 90. வருஷத்துக்குச் சுமார் மூன்றரை சதவீதம். அந்தக் காலத்தில் பல வருஷங்களில் என்.ஆர்.இ. ரூபாய் டெபாசிட்டுக்கும் டாலர் டெபாசிட்டுக்கும் வட்டி வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவு இருந்தது, சில சமயம் கூடவும் இருந்தது. அதற்கு வருமான வரியும் இல்லை. விழுகிறது, ஆனால் பாதாளத்துக்கு விழவில்லை. நாட்டின் கையிருப்பு இன்று 60,000 கோடி டாலருக்கு மேல். இது 1991 இல்லை.

இரண்டாவது, திரும்பி வந்துவிட்டதால் அங்கே இருக்கும் பணத்தையெல்லாம் உடனே கொண்டுவர வேண்டும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா சட்டத்தின் 6ஆவது பிரிவு இடம் தருகிறது. கொண்டுவந்தாலும் ரூபாயாக மாற்றியே ஆகவேண்டியதில்லை. திரும்பி வந்தவர்களுக்கென்று ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது, அதில் அந்நிய நாணயமாகவே கிடக்கும். பெட்டியில் நோட்டாக வைத்துக்கொள்வதுதான் கூடாது, 2,000 டாலர்வரைதான் அனுமதி. விழுப்புரத்துக் கிளை ஒன்றில் ஆர்.எஃப்.சி. என்று கேட்டபோது அங்கிருந்த இளைஞர் அதை முதல் முறையாகக் கேள்விப்படுவதுபோல் பார்த்தார். சுற்றறிக்கையைக் காட்டியதும், பாவம், அவரே உட்கார்ந்து படித்துவிட்டுச் செய்துகொடுத்தார்.

மூன்றாவது, ஒரே வங்கியில் போடாதீர்கள். 5 லட்சம் என்பது ஒரு வங்கிக்கு ஒருவருக்கு. ஒரே வங்கியின் நாலு கிளையில் போட்டாலும் ஒன்றுதான். அசலும் வட்டியும் சேர்த்துத்தான். பெரும்பகுதியை நாட்டின் மிகப் பெரிய இரண்டு மூன்று வங்கிகளில் வையுங்கள். அரை சதவீத வட்டி கூடக் கிடைக்கிறது என்று பேர் தெரியாத கூட்டுறவு வங்கிக்கு ஓடாதீர்கள். அந்த அரை சதவீதம் சும்மா வரவில்லை, உங்கள் தூக்கத்தின் விலை.

என் சொந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்குச் சம்பளத்தோடு அமெரிக்கக் கம்பெனிப் பங்கு கிடைக்கிறது. வருஷத்துக்கு 2,50,000 டாலர்வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இதை வைத்துக்கொண்டு, ‘இந்தியாவில் பணம் வைக்கிறவன் முட்டாள்’ என்று மதியச் சாப்பாட்டில் பேசுவது எங்களுக்கு ஒரு நாகரிகம். அமெரிக்கக் குடிமகனாகவும் இல்லாமல் அங்கே வசிக்கவும் செய்யாத ஒருவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால் அந்த நாட்டின் மரண வரி பாயும். 40 சதவீதம்வரை போகலாம். இதில் நமக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தமும் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். சாம்பார் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மனைக்காரப் பையன் பேச்சைக் கேட்கும் மாமாவுக்கும் யூடியூப் பேச்சைக் கேட்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் தமிழில் ஏமாறுகிறார், அவ்வளவுதான்.

மரண வரிக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. 5 லட்சத்துக்குச் செய்ய முடியும். அந்தக் காப்பீட்டுக்கு வங்கிகள் 100 ரூபாய் டெபாசிட்டுக்கு வருஷம் 12 காசுவரை கட்டுகின்றன. டெபாசிட்காரரிடம் வாங்குவதில்லை. வரம்பை உயர்த்தினால் அந்தக் காசு கொஞ்சம் கூடும். விலைவாசியோடு சேர்ந்து வரம்பும் தானாக உயரும்படி ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்தால், அடுத்த முறை யாராவது வங்கி வாசலில் அழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்குப் புறப்படும் முன் ஒருநாள் பயிற்சி என்று அரசு நடத்துகிறது. பாஸ்போர்ட்டை எஜமானனிடம் கொடுக்காதே, சட்டத்தை மதி என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். அதில் அரை மணி நேரம் என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்., ஆர்.எஃப்.சி. என்ற மூன்றையும் தமிழில் சொல்லித்தந்தால் போதும். மயிலம் ரோட்டில் கல் நடுகிறவருக்குப் பாதி வாடிக்கையாளர் குறைவார். அவர் போராட்டம் நடத்தினால் நான் வேடிக்கை பார்க்கப் போவேன்.

மாமா கடைசியில் மூன்று வங்கியில் பிரித்துப் போட்டார். ஒரு மனையும் வாங்கினார், சின்னதாக. “சும்மா கெடக்கட்டும் மாப்ளே” என்றார்.